ஒரு நாள் முறைத் தண்ணீர்

முதலில் கெடுத்தவன் நாச்சிமுத்துதான். எந்தச் சபையில் நிறுத்திக் கேட்டாலும் சென்னியப்பன் இதை மாற்றிச் சொல்லமாட்டார். ஒரு நாள் தண்ணீர், கிழக்கு வெளுத்ததிலிருந்து பொழுது இறங்குகிற வரைக்கும் ஒரு முழு நாள் தண்ணீர், அவருடைய முறையிலிருந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனவன். வருகிற மார்கழி வந்தால் முப்பத்தாறு வருஷம், திருப்பித் தரவில்லை. பெரியப்பா மகன், ஒன்றரை வயது மூத்தவன், வாய் அண்ணா என்றுதான் கூப்பிடும், மனசு மட்டும் பேரைச் சொல்லி அவன் இவன் என்று பேசும். அந்த நாச்சிமுத்து இப்போது பத்திர ஆபீஸ் வராந்தாவில் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். தை மாதம் வாதம் வந்து விழுந்ததில் வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது, இடது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடக்கிறது. வலது கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மூடி திறக்காத புது பாட்டில், வெளிப்புறமெல்லாம் வேர்த்துப் போய்ச் சொட்டுகிறது. சென்னியப்பனுக்குத் தொண்டை காய்ந்து ஒட்டுகிறது. பங்குனி வெயில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மூலையில் கவிழ்த்து வைத்த கேன் காலி. டோக்கன் நாற்பத்தொன்று, பலகையில் சிவப்பு எழுத்தில் முப்பத்து மூன்று என்று எரிகிறது. "தண்ணி வாங்கிட்டு வரட்டுங்ளாப்பா?" என்று பக்கத்தில் இருக்கிற மகள் பூங்கொடி கேட்டாள். "வேண்டாம் போ" என்றார். எதிரில் இருக்கிற பாட்டிலைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அவன் கையில் தண்ணீர், நம் கையில் டோக்கன். என்றைக்குத்தான் வேறு மாதிரி இருந்தது?

கிணறு தாத்தா வெட்டியது. இரண்டு மகன்களும் வெள்ளாமைக் காட்டைப் பிரித்துக்கொண்டபோது கிணற்றைப் பிரிக்க முடியவில்லை, கிணற்றை எப்படி அறுப்பது, அதனால் ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்தார்கள். முறை மாறுகிற விடியலில், முறை முடிந்தவன் வாய்க்கால் தலைப்பில் நின்று "தண்ணி உன்னுது" என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவன் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். ஆச்சு என்று வாயால் சொல்கிற வரைக்கும் தண்ணீர் கைமாறவில்லை, மடையில் மண்வெட்டி படக்கூடாது. ஒரு தடவை அப்பனும் பெரியப்பனும் ஒரு வேலிக்கு அடித்துக்கொண்டு இரண்டு வருஷம் பேசாமல் இருந்தார்கள். நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு விடியலில், பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், "தண்ணி உன்னுது", "ஆச்சு". அதைக் கேட்டு நாச்சிமுத்துவும் இவரும் காளை கட்டி நீர் இறைக்கிற கவலைத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காளைகள் இறவைச் சரிவில் இறங்கும்போது இரண்டு பேரும் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், மேலே வருகிற தண்ணீர்ச் சாலின் கனத்துக்கு எதிராக இவர்கள் கனமும் இருந்தால் இழுவைக்கு நல்லது என்று பெரியப்பனே ஏற்றிவிடுவார். சால் கவிழ்ந்து தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம், அதற்குப் பிறகு உருளையின் கிறீச், அதற்குப் பிறகு ஒரு மௌனம், அந்த மௌனத்தில் கிணற்றுச் சுவரில் குடியிருந்த புறாக்கள் குமுறுவது. அறுபத்தைந்து வருஷம் ஆகியும் காது அதே வரிசையில் வைத்திருக்கிறது. பத்து வயதில் ஒரு நாள் மேல் படியிலிருந்து குதித்தபோது கால் நரம்பு இழுத்துக்கொண்டு அடியில் போய்விட்டார். பச்சைத் தண்ணீர், வெளிச்சம் மேலே ஒரு தட்டு அகலத்துக்கு, பிறகு தலைமயிரில் ஒரு கை. நாச்சிமுத்துவின் கை. மேலே இழுத்துப் போட்டு முதுகில் ஓங்கி ஒரு அறையும் வைத்தான். சரி, இழுத்தான். அதற்காக? அது உயிர் சமாசாரம், இது தண்ணீர் சமாசாரம். அதையும் இதையும் ஒன்றுக்கொன்று கழிக்கக்கூடாது. வேறு ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் இழுத்திருப்பான்.

பலகை முப்பத்தைந்துக்கு மாறியது. நாச்சிமுத்துவின் மகன் லோகநாதன் செல்போனைக் காதில் வைத்தபடி வந்து, "சித்தப்பா, இன்னம் ஆறு பேரு. சங்கடப்படாதீங்க, மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுரும். பிரியாணிக்குச் சொல்லிட்டனுங்க" என்றான். "உங்கப்பன் திங்கறதுக்கா?" என்று சென்னியப்பன் கேட்டார். "உங்களுக்குத்தானுங்க. அவருக்குக் கஞ்சிதான்." சிரிக்கிறான். தப்பான பையன் இல்லை. குடோன் கட்டுகிற கம்பெனிக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தவன் இவன்தான். கிணற்றைச் சுற்றி இரண்டு வீட்டு நிலமும் சேர்த்து எட்டு ஏக்கர், கிணற்றை மண்ணடித்து மூடி மேலே சிமெண்ட் தளம். கூட்டுக் கிணறாக இருப்பதால் இரண்டு கை வேண்டும். மூன்று மாதமாகச் சென்னியப்பன் கை வைக்கவில்லை. "உங்கப்பன் நாலு பேரு முன்னால வாயைத் திறந்து சொல்லோணும். சென்னியப்பனுக்கு ஒரு நாள் தண்ணி தரோணும்னு. சொல்லட்டும், அடுத்த நிமிஷம் கையெழுத்து" என்று அவனிடம் சொல்லியிருந்தார். லோகநாதன் அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தான். "காஞ்ச கெணத்துல எந்தத் தண்ணிங்க சித்தப்பா? ஒரு லாரி தண்ணி வேணும்னா நாளைக்கே எறக்கீர்றனுங்க." லாரித் தண்ணீராம். அந்த வார்த்தைக்கே ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அதற்குள் அவனுடைய அப்பனுக்கு வாய் விழுந்துவிட்டது. சொல்ல வேண்டியவனுடைய வாயே போன பிறகு எதற்காகக் காத்திருப்பது? போன வாரம் வீட்டில் பூங்கொடி வந்து முன்னால் உட்கார்ந்தாள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். இருபது வருஷம் பனியன் கம்பெனியில் நின்று வேலை பார்த்ததில் நரம்புகள் நீலமாகச் சுருண்டு கிடந்தன. "ஒரு வீடுங்ப்பா. வாடகை இல்லாத ஒரு வீடு. அவ்வளவுதான்" என்றாள். அதனால்தான் வந்திருக்கிறார். கை வைக்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் கிணறு மூடிப்போனால் அந்த ஒரு நாளை எங்கே போய்க் கேட்பது? கடனுக்கு ஒரு இடம் வேண்டாமா?

அந்த மார்கழியை நினைத்தால் இப்போதும் வெங்காய வாசம் வருகிறது. ஐப்பசி நட்ட சின்ன வெங்காயம், முக்கால் ஏக்கர், தாள் நிமிர்ந்து கருகருவென்று நின்றது, காய் திரள்கிற நேரம். மழை பெய்யாத வருஷம். கிணற்றில் ஐந்தாறு முழம்தான் தண்ணீர், மோட்டார் போட்டால் மத்தியானத்துக்குள் வற்றி, மறுபடி ஊறுகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நாச்சிமுத்து மஞ்சள் வைத்திருந்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது, அந்த மஞ்சளை நம்பித்தான் மண்டபத்துக்குச் சொல்லியிருந்தான். விடியற்காலை வாய்க்கால் தலைப்புக்கு வந்தான், முறை மாறுகிற நேரம், "தண்ணி உன்னுது" என்று சொல்ல வேண்டியவன் சொல்லாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சென்னியா, இன்னைக்கு ஒரு நாள் எனக்கு விடு. மஞ்சள் தாள் மடங்குது. அடுத்த முறையில ஒண்ணுக்கு ஒண்ணு கட்டிக் குடுத்தர்றன்." "எனக்கு வெங்காயம் தெரளுதுண்ணா." "ஒரு நாள்ல உன்ற வெங்காயம் ஓடியா போயிரும்?" "உன்ற மஞ்சள் ஓடிருமா?" "பொண்ணு ஓடிருவாடா, சம்பந்தி வீட்டுக்காரன் ஓடிருவான்" என்று சொல்லி அவனே சிரித்தான், சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் நின்றது. சென்னியப்பன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். எதையும் வாங்காமல் கொடுத்தது அது. பெண்டாட்டி தெய்வாத்தாள் அடுப்படியிலிருந்தே கேட்டாள், "தண்ணி உடலையா?" "அண்ணனுக்குக் குடுத்திருக்கறன்." "எழுதி வாங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டு அவளே "கெணத்துத் தண்ணியை எவன் எழுதி வாங்குவான்" என்று சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் நாச்சிமுத்து காட்டுக்கு ஆழ்துளை போடுகிற போர் வண்டி வந்தது.

முப்பத்தேழு. யாரோ இருமுகிறார்கள். நாச்சிமுத்து அவரையே பார்க்கிறான், பார்க்கிறானா அல்லது கண் அந்தப் பக்கம் நின்றுவிட்டதா தெரியவில்லை. போர் வண்டி வந்தது, மூன்றாம் நாள், நம்முடைய முறைக்கு முதல் நாள், கடனைக் கட்ட வேண்டிய நாளுக்கு முதல் நாள், அதைத்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், பேருந்தில், கோயில் விருந்தில், சம்பந்தி வீட்டில், கேட்டவர்களுக்கெல்லாம். வண்டி வந்தது, கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளிப் போர் போட்டான், கிணறு வற்றிப்போச்சு, என் தண்ணீர் வரவேயில்லை. இப்படித்தான் சொல்லுவார். சொல்லும்போது வண்டி வந்ததுக்கும் போர் போட்டதுக்கும் நடுவில் ஒரு இடத்தில் நாக்கு கொஞ்சம் வேகமாகத் தாண்டும். நடுவில் ஒரு தேங்காய் இருக்கிறது. இடம் பார்க்க நாச்சிமுத்து வெளியூரிலிருந்து ஒருத்தனைக் கூட்டி வந்திருந்தான், கவட்டைக் குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறவன். அவன் காலையிலிருந்து காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தும், குச்சி ஒரு இடத்திலும் திரும்பவில்லை. வண்டிக்காரன் கடிகாரத்தைப் பார்க்கிறான். ஊர்க்காரர்கள் இருபது முப்பது பேர் வேடிக்கை. அப்போது எவனோ சொன்னான், "சென்னியப்பன் கையில தேங்கா நிக்குமே, சின்னதுல பாத்திருக்கறமே." உண்மைதான். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நடந்தால், கீழே நீரோட்டம் இருக்கிற இடத்தில் அவருடைய கையில் மட்டும் அது தானாக எழுந்து நிற்கும். நாச்சிமுத்துவுக்கு நிற்காது, அதில் அவனுக்குச் சின்ன வயதிலேயே பொறாமை. குச்சிக்காரன் ஏளனமாக, "இவருக்கா?" என்று கேட்டான். அந்த ஒரு வார்த்தைதான். அந்த "இவருக்கா"தான். அது இல்லாமல் இருந்திருந்தால் சென்னியப்பன் தேங்காயைத் தொட்டிருக்கமாட்டார். நடந்தார். வேப்பமரத்தைத் தாண்டி, சோளத்தட்டுப் போரைத் தாண்டி, கிணற்றுக்குத் தெற்கே. கையில் தேங்காய் ஒரு உயிர் மாதிரி அசைந்தது. அசைந்து எழுந்தது. கிணற்றுக்கு ஊற்று வருகிற தென்கிழக்கு மூலைக்கு நேர்கோடு. அதே ஓட்டம் என்று அவருக்குத் தெரியும். அந்த ஊற்றை அவர் உள்ளே இறங்கிக் கையால் தொட்டிருக்கிறார், சில்லென்று விரலைத் தள்ளும். கையைக் கொஞ்சம் சாய்த்திருக்கலாம். விரலை மடக்கியிருக்கலாம். ஒருத்தனுக்கும் தெரிந்திருக்காது. முப்பது பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், குச்சிக்காரன் முகம் சுருங்கியது, உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஏறியது. "இங்க" என்றார்.

இங்க. ஒரு சொல். முந்நூற்று இருபது அடியில் தண்ணீர் அடித்துக்கொண்டு மேலே வந்தது, வெள்ளைச் சேறு எல்லோர் மேலும் தெறித்தது, நாச்சிமுத்து ஓடி வந்து அவரைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினான். மறுநாள் விடியலில் சென்னியப்பன் மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்புக்குப் போனார், ஒரு நாள் கடனோடு சேர்த்து வாங்கிக்கொள்ள. கிணற்றில் கடைசிப் படி தெரிந்தது. அவர் சின்ன வயதில் காலால் மட்டும் தடவித் தெரிந்துகொண்ட படி, பாசியோடு, வெயிலே பட்டிராத படி. பத்தாம் நாள் மோட்டார் காற்றைக் குடித்தது. வெங்காயம் கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. "போர்லருந்து விடுண்ணா" என்று கேட்டார். "மஞ்சள் முடியட்டும்டா" என்றான். மஞ்சள் முடிந்தது, கல்யாணம் முடிந்தது. போர் தண்ணீர் வேறு, கிணற்று முறை வேறு என்று ஆனது. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் "தண்ணி உன்னுது" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவனவன் சுவிட்சை அவனவன் போட்டுக்கொண்டான். சென்னியப்பன் பெயர் மட்டும் வளர்ந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு, பிறகு காரில், வந்து கூட்டிப்போனார்கள். காசு வாங்கமாட்டார். வெற்றிலை பாக்கும், கையில் நின்ற அந்தத் தேங்காயும் மட்டும். ஏழு ஊர், அறுபது எழுபது இடம். ஒவ்வொரு இடத்திலும் ஒருத்தன் கும்பிடுவான், கொஞ்சம் தள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கிணறு வைத்திருக்கிற ஒருத்தன் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த இரண்டாவது ஆளை அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தெய்வாத்தாள் முதலில் சட்னிக்கு அரைத்தாள், குழம்புக்கு அரைத்தாள். ஒரு நாள் அரைக்கமாட்டேன் என்று விட்டாள். "இத்தன கெணத்தை என்னால அம்மியில வெச்சு அரைக்க முடியாதுங்க." அடுப்படி மூலையில் தேங்காய்கள் குவிந்து, முளைவிட்டு, குருத்துகள் இருட்டில் மஞ்சளாக நின்றன. அவள் சொன்னதற்கு அன்றைக்குப் பதில் இருந்தது: நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவன் சொல்லியிருப்பான். இந்தப் பதிலை வேறு எங்கேயோ சொன்ன மாதிரி இருக்கிறதே. ஆமாம், தலைமயிரைப் பிடித்து இழுத்த கையைப் பற்றி. அதற்கும் இதுதான் சொன்னார். இருக்கட்டும். நான் இடம் சொன்னேன், அவன் தண்ணீர் தரவில்லை. அதில் என் பங்கை நான் மண்ணில் போட்டு மூடிக்கொள்கிறேன், அவன் தர வேண்டியதை அவன் தரட்டும். முதலில் வாங்கியவன் அவன்.

"நாப்பத்தொண்ணு!" பூங்கொடி கையைப் பிடித்து எழுப்பினாள். உள்ளே மின்விசிறி சுற்றியது, காகிதங்கள்மேல் கல் வைத்திருந்தார்கள். நாச்சிமுத்துவை நாற்காலியோடு தூக்கிவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், பாட்டிலை விடாமல் வலது கையில் பிடித்திருந்தான். இடது பெருவிரலை லோகநாதன் பிடித்து மெஷினில் அழுத்தினான், பச்சை விளக்கு எரிந்தது. சென்னியப்பன் விரலுக்குச் சிவப்பு எரிந்தது. மறுபடி சிவப்பு. "ரேகை விழலீங்க. வேற வெரல் வைங்க" என்றாள் மேசைக்குப் பின்னால் இருந்த பெண். ஐந்து விரலும் சிவப்பு. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "காஞ்சு கெடக்குதுங்களே. கொஞ்சம் ஈரம் பண்ணிட்டு வைங்க. யாராச்சும் தண்ணி குடுங்க." பூங்கொடி அங்கும் இங்கும் திரும்பினாள். அப்போது அந்தப் பாட்டில் அவருக்கு முன்னால் வந்தது. நாச்சிமுத்துவின் வலது கை அதை நீட்டியிருந்தது, கோணிய வாய் எதையோ தேடி, எச்சில் ஒழுகி, தை மாதத்திலிருந்து தெளிவாக ஒரு வார்த்தை பேசாத வாய், "தண்ணி" என்றது. பிறகு மூச்சு வாங்கி, "உன்னுது." லோகநாதன் குனிந்தான். "அப்பா? என்னங்ப்பா சொன்னீங்க?" அந்தப் பெண்ணும் கம்பெனிக்காரனும் சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் முன்னால்தான். வாயைத் திறந்துதான்.

சென்னியப்பனுக்கு ஒரு நொடி பனி அடித்தது, வாய்க்கால் தலைப்பு, தலையில் துண்டு, காலுக்கடியில் நனைந்த மண். நாக்கில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்தது. ஆச்சு. சொன்னால் தீர்ந்தது. அரை லிட்டர் பாட்டிலில் ஒரு நாள் கிணறு தீர்ந்துவிடும். விரல் நனைக்கிற சொட்டில் அந்த வெங்காயமும் அந்த விடியலும் நேராகிவிடும். பிறகு இவனிடம் கேட்பதற்கு என்ன இருக்கும்? எதைச் சொல்லி இவன் வாசலில் போய் நிற்பது? கையை நீட்டவில்லை. கழுத்துக்குப் பின்னால் விரலை வைத்து, அங்கே வழிந்துகொண்டிருந்த வேர்வையில் பெருவிரலை அழுத்தித் தேய்த்து, மெஷின்மேல் வைத்தார். பச்சை எரிந்தது. காகிதங்களைத் தள்ளினார்கள், எழுத்துக் கூட்டி, செ, ன், னி, என்று ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டார். கிணறு போயிற்று. வெளியே வந்து செருப்பைத் தேடும்போது பூங்கொடி மெதுவாகச் சொன்னாள், "பெரியப்பா அத்தன சிரமப்பட்டு நீட்டுனாங்க. ஒரு வாய் வாங்கிக் குடிச்சிருக்கலாமில்லீங்ப்பா." அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். லோகநாதன் அப்பனைத் தூக்கிக் காரில் உட்காரவைத்துக்கொண்டிருந்தான். மடியில் பாட்டில், மூடி திறக்காமல். கண்ணாடிக்குப் பின்னால் நாச்சிமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், முறை மாற்றச் சொல்லிவிட்டு எதிராளியின் வாயைப் பார்க்கிறவன் பார்க்கிற மாதிரி. சென்னியப்பன் வறண்ட தொண்டையில் எச்சிலை ஒரு தடவை விழுங்கிக்கொண்டார். பார்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போக வேண்டும். போய் எதிரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாய் இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர். கிழக்கு வெளுத்ததிலிருந்து பொழுது இறங்குகிற வரைக்கும். இன்னும் வரவில்லை.